ஆம் என்று நிரப்பிய கட்டங்கள்

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். இருந்தும் என் வாழ்க்கையில் இரண்டு தடவை ப்ரபோசல் எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒரே பள்ளிக்காக, ஒரே உதவியைக் கேட்டு. முதல் தடவை எழுதியதில் பள்ளியின் பெயரையும் விலாசத்தையும் தவிர உண்மை அதிகம் இல்லை. இரண்டாவது தடவை எழுதியது முழுக்க உண்மை. அதை எழுதத்தான் எனக்கு மனசு வரவில்லை.

அந்தக் கதையை என் மகள்கள் உங்கள் இருவருக்கும் எழுதி வைக்கிறேன். பெரியவளே, இதில் 'நீ' என்று வரும் இடமெல்லாம் உன்னைத்தான் சொல்கிறேன். உன்னைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ நைனா, எனக்கு இன்னா வெக்கம்?" என்று சொல்லிவிட்டாய். சின்னவளே, நீ அப்போது நடக்கக்கூடப் பழகவில்லை. அம்மா இடுப்பில் உட்கார்ந்து எல்லாரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய்.

கொரோனாவில் மூடிய பள்ளிகள் திறந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது. நீ இரண்டாம் வகுப்பு. திருத்தணி தாலுக்கா ஆபீஸுக்குப் பக்கத்தில் நம் ஜெராக்ஸ் கடையில் அப்போது ஒரே ஒரு மெஷின்தான். பத்துக் காப்பி போட்டால் சூடேறி நின்றுவிடும். அது ஆறுகிற வரைக்கும் நான் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பேன். உண்மையைச் சொன்னால் காப்பி போட்டதைவிட ஃபாரம் நிரப்பித்தான் எனக்குப் பெயர் வந்தது. பள்ளிப்பட்டிலிருந்தும் ஆர்.கே.பேட்டையிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் நேரே என் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். சாதிச் சான்று, பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், எதுவானாலும் சரி. தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கில் கேட்டுத் தமிழில் எழுதுவேன்.

அந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. முடிந்தவரைக்கும் 'இல்லை' என்று எழுதக்கூடாது. ஓரிடத்தில் 'இல்லை' என்று எழுதினால் ஏன் இல்லை என்று கேட்பார்கள். காரணம் சொன்னால் அந்தக் காரணத்துக்கு ஒரு சான்று கேட்பார்கள். அந்தச் சான்றுக்கு இன்னொரு ஃபாரம். அதனால் நான் நிரப்பிய ஃபாரங்களில் எல்லா வீட்டிலும் எல்லாம் இருந்தது. என் ஃபாரம் திரும்பி வராது என்று ஊரில் பேச்சு. எனக்கும் அதில் ஒரு பெருமை.

பள்ளி விட்டதும் அம்மா உங்கள் இருவரையும் டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிடுவாள். நீ வந்ததும் முக்காலியில் ஏறி நின்று தமிழ்ப் புத்தகத்தைப் பிரிப்பாய். காத்திருக்கிறவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மெஷினின் சூட்டு வாசனையும், மலை மேலிருந்து காற்றில் விட்டுவிட்டு வரும் நாதஸ்வரமும், நடுவில் உன் கணீரென்ற குரலும். மயில் பாடம் உனக்கு ரொம்பப் பிடிக்கும்.

"ஆங், இது டீச்சராதான் போவும்" என்று யாராவது சொல்வார்கள்.

"டீச்சரா? கலெக்டருங்க!" என்பேன் நான்.

அந்த மாலை வேளைகளை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். கொஞ்சம் வலிக்கவும் செய்யும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்படி ஒரு மாலையில்தான் உங்கள் பள்ளியின் பெரிய டீச்சர் கடைக்கு வந்தார். கையில் நாலைந்து பக்கம் அச்சடித்த தாள். "தம்பி, ஊர்ல எல்லாருக்கும் எழுதிக் குடுக்கறீங்க. நம்ம ஸ்கூலுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு உறுப்பினர். பெற்றோர்களும் ஆசிரியர்களும் சேர்ந்த குழு அது. மாட்டேன் என்று சொல்ல முடியாது.

சென்னையில் ஒரு அறக்கட்டளை, ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கக் கற்றுக்கொள்ள டேப், அதாவது சிலேட்டு மாதிரி இருக்கும் டேப்லெட், தருகிறதாம். அதற்கு ப்ரபோசல் எழுதிக் கேட்க வேண்டும். தமிழிலும் எழுதலாம் என்று அடியில் போட்டிருந்தது. கனகம்மாசத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் பெரிய டீச்சர் அந்த டேபைப் பார்த்திருக்கிறார்.

"பிள்ளை வார்த்தையத் தொட்டா அது சொல்லுது தம்பி. பிள்ளை படிச்சா கேட்டுகினு இருக்குது. தப்பாப் படிச்சா திட்டறதில்ல, திருப்பிக் காட்டுது. நான் ஒருத்தி மூணு கிளாஸை வெச்சிகினு இருக்கேன். ஒவ்வொண்ணையும் பக்கத்துல உட்கார வெச்சு, படிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு எங்க நேரம்?"

அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் போதும். அதுதான் ப்ரபோசல். எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஃபாரம்தான். தாளைப் பிரித்ததும் கட்டங்கள் கண்ணில் பட்டன. எடுத்தேன் பேனாவை.

மாணவர்கள் தங்கள் வகுப்புக்கு உரிய அளவில் படிக்கிறார்களா? ஆம். வீட்டில் படிக்க உதவி கிடைக்கிறதா? ஆம். ஒவ்வொரு மாணவரும் தினமும் ஆசிரியரிடம் வாசித்துக் காட்ட வாய்ப்பு உள்ளதா? ஆம். 'பள்ளியின் தற்போதைய நிலையை விளக்கவும்' என்று அரைப் பக்கம் காலியாக இருந்தது. 'எங்கள் பள்ளி சுற்று வட்டாரத்திலேயே சிறந்த பள்ளி. மாணவர்கள் சரளமாக வாசிப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் பாராட்டுகிறார்கள்' என்று இடம் தீரும் வரைக்கும் எழுதினேன். ஊர்ப் பெரியவர்கள் என்று எழுதும்போது என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பெரிய டீச்சருக்கு அன்றைக்குப் பள்ளி ஆய்வு வேலை தலைக்கு மேல். என்னை நம்பிப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மா எனக்கு ஃபோன் செய்தார். மரியாதையான குரல். "உங்க ப்ரபோசலைப் படிச்சோம் சார். ரொம்ப சந்தோஷம். உங்க பள்ளி இவ்வளவு நல்லா இருக்கறதுக்கு எங்க வாழ்த்துகள்."

"நன்றிங்க. டேப் எப்ப வரும்ங்க?"

"இல்ல சார். இது படிக்கத் தடுமாறுற பிள்ளைங்களுக்கான உதவி. உங்க பிள்ளைங்கதான் சரளமா வாசிக்கறாங்களே."

"அம்மா, அது சும்மா எழுதினதுங்க" என்றேன்.

"சும்மா எழுதினீங்களா?"

பிறகு அவரே சொன்னார். "மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு சார். பிள்ளைங்களை ஒவ்வொருத்தரா உட்கார வெச்சு, பாடப் புத்தகத்துல இல்லாத ஒண்ணைப் படிக்கச் சொல்லுங்க. காதால கேட்டதை எழுதுங்க. அது போதும்."

மறுநாள் காலையில் பெரிய டீச்சரிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சாக்பீஸை மேஜையில் வைத்தார். "ஏன் தம்பி, எல்லாம் ஆம்னா நான் எதுக்குத் தம்பி டேப் கேக்கறேன்?" என்றார். கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "இப்ப நீங்களே வந்து உட்காருங்க. நீங்களே கேளுங்க."

மூன்று நாள் காலையில் கடையைத் திறக்கவில்லை. பள்ளி வராந்தாவில் ஒரு பாய் போட்டு உட்கார்ந்தேன். பாடத்தில் இல்லாத ஒன்று வேண்டுமே. நானே ஒரு கதை எழுதிக் கடையில் காப்பி போட்டுக்கொண்டு போயிருந்தேன். எட்டு வரி. 'ஒரு ஊரில் ஒரு வாத்து இருந்தது. அதற்குத் தண்ணீர் என்றால் பயம்' என்று ஆரம்பிக்கும். எட்டாவது வரியில் மழை வந்துவிடும். அதற்கு மேல் எனக்குக் கற்பனை ஓடவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். தாளில் படம் இல்லாததைப் பார்த்துச் சிலர் முகம் வாடினார்கள். நெசவுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, வீட்டில் தெலுங்குதான் பேசுவாள், 'வாத்து'க்கு வந்ததும் 'வா' என்ற எழுத்தைப் படித்துவிட்டு மீதியை என் முகத்தில் தேடினாள். இன்னொருவன் ஒவ்வொரு எழுத்தாகச் சரியாகச் சொன்னான், ஆனால் சேர்த்துச் சொல்லத் தெரியவில்லை. கூலி வேலைக்குப் போகும் ஒரு வீட்டுப் பெண் மட்டும் மூச்சு விடாமல் கடைசி வரைக்கும் படித்துவிட்டு, "அப்புறம் வாத்து இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். "நீங்கதான எழுதினீங்க?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் நீ வந்தாய். உன்னைக் கூப்பிடும்போதே என் வாயெல்லாம் சிரிப்பு.

தாளை வாங்கிப் பார்த்தாய். "இது நம்ம புக்குல இல்லையே நைனா" என்றாய்.

"பரவால்ல, படி."

நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். விரலை முதல் வரியில் வைத்தாய். கணீரென்று ஆரம்பித்தாய், மயில் பாடத்தை. வாத்துக் கதையின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, ஒரு சொல் பிசகாமல், கடையில் முக்காலி மேல் நின்று சொல்வதைப்போலவே. விரல் எட்டாவது வரியைத் தாண்டித் தாளை விட்டு வெளியே வந்துவிட்டது. பாடம் இன்னும் முடியவில்லை. விரலைத் திரும்ப மேலே வைத்துக்கொண்டு மீதியையும் சொன்னாய்.

நீ ஏமாற்றவில்லை அம்மா. படிப்பது என்றால் அதுதான் என்று நினைத்திருந்தாய். புத்தகத்தை விரித்துக்கொண்டு கணீரென்று சொன்னால் நைனாவும் பெஞ்சில் இருப்பவர்களும் கை தட்டுவார்கள், அதன் பெயர் படிப்பு. அப்படி நினைக்க வைத்தவன் நான்.

"நல்லா படிச்சனா?" என்று கேட்டாய்.

"நல்லா படிச்ச" என்றேன். நீ போனதும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலில் உன் பெயருக்கு நேராகப் 'படிக்கிறார்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். மற்றப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் பக்கத்துக் கட்டத்தில் இருந்தார்கள், 'இன்னும் படிக்கவில்லை' என்று. அவர்களுக்கெல்லாம் கேட்டதைக் கேட்டபடி எழுதிய கைதான் உனக்கு மட்டும் ஆம் போட்டது.

அன்று சாயங்காலம் உன் அம்மா அந்தப் பட்டியலைக் கையில் எடுத்தாள்.

"பாவா, இவ பேருக்கு நேரா டிக் இருக்குதே. படிச்சாளா?"

"படிச்சா."

"இன்னா படிச்சா? வாத்தா, மயிலா?"

நான் பட்டியலை வாங்கக் கையை நீட்டினேன்.

"அவளே வந்து சொல்லிட்டா. நைனா வாத்து வெச்சிருந்தாரு, நான் மயில் சொன்னேன், நல்லா இருக்குதுன்னாருன்னு. நாளைக்கு டேப் வந்தா, படிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு எதுக்குன்னு இவளத்தான் மொதல்ல தள்ளி உட்கார வெப்பாங்க. உன் கௌரவத்த கடை பெஞ்சுல வெச்சிக்க பாவா. அவ படிப்புல வெக்காத."

உன் அம்மா எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். எந்த ஃபாரமும் எழுதியதில்லை. எது பொய் என்று பார்த்ததும் சொல்லிவிடுவாள். நான் பேனாவை எடுத்து அந்த டிக்கை அடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் போட்டேன். ஃபாரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். நான் போட்ட கையெழுத்துகளிலேயே கனமானது அதுதான்.

ப்ரபோசலைக் குழுவின் முன் படித்துக் காட்டி எல்லாருடைய கையெழுத்தையும் வாங்க வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம். குழுத் தலைவி நம் தெருவில் விசைத்தறி வைத்திருக்கும் அம்மா. தறிச் சத்தத்தில் பேசிப் பழகியவர், அமைதியான இடத்திலும் கத்தித்தான் பேசுவார். நான் முதல் பக்கத்தை முடிப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"இன்னாண்ணா எய்தி வெச்சிருக்கிற? நம்ம பிள்ளைங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு மெட்ராஸுக்கு லெட்டர் போடறியா? நாளைக்கு ஊரு சிரிக்காதா?"

"ஆமாம்பா, எங்க பையன் வூட்ல கடகடன்னு படிக்கறான்" என்றார் இன்னொருவர்.

"எந்தப் பாடம்ங்க?" என்று கேட்டேன்.

"மயில் பாடம்."

பின்வரிசையில் உன் அம்மா சின்னவளைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் பட்டியலைப் பிரித்தேன். "யார் பேரையும் இங்க படிக்க மாட்டேன். ஒரே ஒரு பேரை மட்டும் படிக்கறேன்" என்று சொல்லி உன் பெயரைப் படித்தேன். "இன்னும் படிக்கவில்லை" என்றேன்.

தலைவி அம்மா உட்கார்ந்துவிட்டார். "உம் பொண்ணா? கடையில நின்னுகினு படிக்குமே அதுவா?"

"ஆங், அதேதான்."

"அய்ய, நீ கலெக்டர்னு சொன்னியே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் யாருக்கும் கோபம் மிச்சமில்லை. வயலில் இருந்து அப்படியே வந்திருந்த ஒரு அம்மா, காலில் சேறு காயாமல், மெதுவாகச் சொன்னார். "எனக்கே படிக்கத் தெரியாதுண்ணா. அது படிக்குதா சும்மா சொல்லுதான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? எய்துங்க."

"எங்க வூட்ல தறி ஓடுனா நான் பேசறதே என் வூட்டுக்காரருக்குக் கேக்காது" என்றார் தலைவி. "பிள்ளை படிக்கறத எந்தக் காதால கேக்கறது? அதையும் எய்திக்க."

ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். நான் எழுதிக்கொண்டே போனேன். வீட்டில் உதவி கிடைக்கிறதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டு, அதற்குக் கீழே அவர்கள் சொன்னதையெல்லாம் சொன்னபடியே எழுதினேன். பெரிய டீச்சர் கடைசியாகப் பேனாவை வாங்கினார். மேலே யாராவது கேட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, "ஒருத்தி மூணு கிளாஸை வெச்சிகினு இருக்கேன்னு சொல்றேன். அதுவும் உண்மைதான?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு பெற்றோர் ஒவ்வொருவராகத் தனியாக வந்து, தங்கள் பிள்ளை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காதோடு கேட்டுக்கொண்டு போனார்கள். யாரும் மாற்றி எழுதச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து டேப் வந்தது. கேட்டது ஆளுக்கு ஒன்று, வந்தது ஆறு. பெரிய டீச்சர் பெட்டிக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டித்தான் திறந்தார். ஒவ்வொரு டேபின் முதுகிலும் ஒரு பொட்டு. பிள்ளைகள் நான்கு பேர் ஒரு டேபைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று முறை வைத்துப் படித்தார்கள்.

உனக்கு முதல் வாரம் அதைக் கண்டாலே ஆகவில்லை. கணீரென்று எதையாவது சொல்லிப் பார்த்தாய். அது அசையவில்லை, அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் காட்டியது. "அதுக்கு ஒண்ணுமே தெரியல நைனா. நான் எவ்ளோ சொல்லிக் குடுத்தாலும் திரும்பத் திரும்பக் கேக்குது" என்று வீட்டில் அழுதாய். கடையில் முக்காலி மேல் ஏறுவதையும் விட்டுவிட்டாய். பெஞ்சில் இருந்தவர்கள், பாப்பா ஏன் இப்போதெல்லாம் படிப்பதில்லை என்று கேட்டார்கள். "இப்பதாங்க படிக்க ஆரம்பிச்சிருக்கு" என்று சொன்னேன். அவர்களுக்குப் புரியவில்லை.

ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டு எழுதி அனுப்ப வேண்டும் என்பது அறக்கட்டளையின் நிபந்தனை. மறுபடியும் வராந்தா, மறுபடியும் பாய். இந்தத் தடவை பஸ்ஸைத் தவற விட்ட ஒரு ஆட்டைப் பற்றி எழுதிக்கொண்டு போயிருந்தேன். நீ வந்து உட்கார்ந்தாய். கணீர் என்ற குரல் போய்விட்டிருந்தது. மெல்ல, திக்கித் திக்கி, எழுத்து எழுத்தாகக் கூட்டி, ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வார்த்தைக்குப் போனாய். ஆடு பஸ் நிலையத்துக்கு வருவதற்குள் ஒரு பிள்ளைக்கென்று ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. பாதிக் கதைதான். அவ்வளவு அழகாக யாரும் படித்து நான் கேட்டதில்லை.

ஆனால் கதையை முடித்தவர்களைத்தான் 'படிக்கிறார்' என்று எழுத வேண்டும். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ எட்டிப் பார்த்தாய்.

"நான் முடிக்கலல்ல? அப்ப இதுல போடு நைனா" என்று பக்கத்துக் கட்டத்தைக் காட்டினாய். "ஆடு பஸ்ஸ புடிச்சிச்சான்னு மட்டும் சொல்லு."

"நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கோ" என்றேன். அந்தத் தாளை நீ வீட்டுக்கு எடுத்துப் போனாய். இரண்டு நாள் ஆயிற்று உனக்கு, ஆடு நடந்தே வீட்டுக்குப் போனதைக் கண்டுபிடிக்க.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கடையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் கிடைத்த தாளையெல்லாம் கூட்டிப் படித்தாய். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்துவாய். நான் ஃபாரம் எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்பேன். எவ்வளவு காலம் அப்படி இருந்தது என்று தெரியவில்லை. திக்கல் குறைந்தது, வேகம் வந்தது, குரல் சன்னமானது. பிறகு உதடு மட்டும் அசைந்தது.

இப்போது நீ ஆறாம் வகுப்பு. புத்தகத்தை எடுத்தால் உதடுகூட அசைவதில்லை. பக்கம் புரளும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. என்ன படிக்கிறாய் என்று கேட்டால் தலையை நிமிர்த்தாமல், "கதை நைனா" என்கிறாய். நான் கேட்டு வாங்கியதுதான் அது. சென்னை வரைக்கும் எழுதிக் கேட்டு வாங்கியது. ஆனாலும் நீ சத்தம் போட்டுப் படித்த கடைசி நாள் எது என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. தெரிந்திருந்தால் அன்றைக்கு இன்னும் கொஞ்ச நேரம் கடையைத் திறந்து வைத்திருப்பேன்.